எல்லை தாண்டினால் செல்லாத சான்றிதழ்

(திருவரங்குளம் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



முதுகலை சேர வேறொரு மாநிலத்து அரசுப் பல்கலைக்கழகத்துக்குப் போனேன். சாதிச் சான்றிதழை நீட்டினேன். "இங்கே செல்லாது, வெளிமாநிலக் கட்டணம் கட்டுங்கள்" என்றார்கள். அன்றிரவே விடுதியில் என் சாதியைக் கேட்டார்கள். சான்றிதழ்தான் செல்லவில்லை, சாதி செல்லுபடியானது.

இந்தூர் மருத்துவக் கல்லூரி வெளிமாநில மாணவரிடம் மட்டும் கூடுதல் கட்டணம் வாங்கியதை 1955இல் உச்சநீதிமன்றம் சரியென்றது. மாநிலம் மாறிக் குடியேறினால் பட்டியலினத்தவரின் இடஒதுக்கீட்டு உரிமை கூடவராது என்று 1990இல் மரி சந்திரசேகர ராவ் வழக்கில் சொன்னது.

வெளியில் படித்தாலும் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை தரவேண்டியது சொந்த மாநிலமே. ஆனால் கட்டணம் முதல் நாளே; உதவித்தொகை பிறகுதான். நடுவில் வட்டிக் கடன். சேர்க்கை நாளிலேயே தமிழ்நாடு அரசு அதைக் கட்டட்டும்! இது சலுகையல்ல, உரிமை.

ஜெய்பீம்.