பத்து விநாடி பொறுங்கள், அவன் பேசுவான்

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பி பிளாக் குடியிருப்பாளர் ஒருவர் ஆற்றிய உரை)

தண்ணீர் லாரி, பார்க்கிங் பேச்சுக்கு நடுவே எனக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கிய செயலாளர் அவர்களுக்கு நன்றி.

கழுத்தில் டேப்லெட் மாட்டிக்கொண்டு லிஃப்டில் வரும் பையனைப் பார்த்திருப்பீர்கள். என் மகன்தான். ஏழு வயது. ஆட்டிசம் உள்ள பிள்ளை. வாய்ப்பேச்சு மிகக் குறைவு. போன மாதம் ஒரு பெரியவர், அக்கறையோடுதான், "சின்னப் பிள்ளைக்கு எந்நேரமும் எதுக்கும்மா இது?" என்று அதைக் கழற்றி என் கையில் கொடுத்தார். அந்த நேரம் அவன் அவருக்குத்தான் வணக்கம் சொல்லப் படத்தைத் தேடிக்கொண்டிருந்தான். மூன்றாம் மாடியில் அவர் இறங்கிவிட்டார். இவன் வீட்டுக்கு வந்து வெகுநேரம் அழுதான். அவர் மேல் தப்பில்லை. உங்களிடமெல்லாம் நான் சொல்லாமல் இருந்ததுதான் தப்பு.

அந்த டேப்லெட்தான் அவனுக்கு வாய். படத்தைத் தொட்டால் அது சொல்லாக ஒலிக்கும். இதை ஏ.ஏ.சி. என்பார்கள், பேச்சுக்குத் துணையாகவோ மாற்றாகவோ வரும் வழிகள். பட அட்டை, எழுத்துப் பலகை, செயலி எல்லாம் இதில் அடங்கும். ஆவாஸ் என்ற செயலி நம் சென்னையில் உருவானது, தமிழிலும் பேசும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் இந்த வழிகளைத் தகவல் தொடர்பு என்றே ஏற்கிறது.

"இதைக் கொடுத்தால் பேச்சு வராமலே போய்விடுமோ?" என்று பயந்து நாங்கள் இரண்டு வருடம் வீணாக்கினோம். 2006இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பில் 27 பேரின் விவரங்களைப் பார்த்தார்கள். ஒருவருக்கும் பேச்சு குறையவில்லை, பெரும்பாலோருக்குக் கூடியிருந்தது. இது எனக்கு முன்பே தெரிந்திருக்கலாம்.

தெரபிஸ்ட் வாரத்துக்கு இரண்டு முறை, முக்கால் மணி நேரம் பார்க்கிறார். மீதி நேரம் நாங்கள்தான். இரவு பதினொரு மணிக்குச் சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது? இதே பாதையில் போகும் பெற்றோர்களை இணையத்தில் தேடிப் பிடித்தேன். "அவனிடம் கேள்வியே கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். நீங்கள் பேசும்போது நீங்களும் படத்தைத் தொட்டுக் காட்டுங்கள்" என்று ஒரு தாய் சொன்னார். அதன் பிறகுதான் 'போதும்' என்ற சொல் அவனுக்கு வந்தது.

இப்படி ஆதரவு தேடுகிறவர்கள் மூன்றைக் கவனியுங்கள். ஏ.ஏ.சி. வைத்துப் பேசி வளர்ந்த பெரியவர்கள் அங்கே இருந்தால் நல்லது. பிள்ளையின் பக்கம் அவர்களுக்குத்தான் தெரியும். குணமாக்குகிறேன் என்று எதையாவது விற்றால் விலகுங்கள். பிள்ளையின் கையைப் பிடித்து மற்றவர் தட்டச்சு செய்யும் முறையைப் பயன்படுத்தக் கூடாது என்று அமெரிக்கப் பேச்சு, மொழி, செவித்திறன் சங்கம் 2018இல் அறிவித்திருக்கிறது. அடுத்து, பிள்ளையின் முகம், பள்ளியின் பெயர், மருத்துவ அறிக்கை எதையும் அங்கே போடாதீர்கள். எதைக் கேட்டாலும் தெரபிஸ்டிடம் ஒரு வார்த்தை கேட்ட பிறகே செய்யுங்கள்.

இப்போது உங்களிடம் என் வேண்டுகோள். டேப்லெட்டை வாங்காதீர்கள். ஏதாவது கேட்டால் மனதுக்குள் பத்து வரை எண்ணிப் பொறுத்திருங்கள். என்னைப் பார்த்து "என்ன சொல்றான்?" என்று கேட்காமல் அவனைப் பார்த்தே பேசுங்கள். விளையாட்டு இடத்தில் ஊஞ்சல், சறுக்கு, தண்ணீர், பாத்ரூம், இன்னும், போதும், என் முறை என்று படத்தோடு ஒரு பலகை வைக்கச் சங்கம் அனுமதி தர வேண்டும். செலவு எங்களுடையது. இன்னும் பேச்சு வராத மழலைகளுக்கும் அது உதவும்.

நம் வளாகத்தில் இதே கவலையோடு வேறு யாராவது இருந்தால், தயங்காமல் வாருங்கள். மாலை ஆறு மணிக்கு மேல் ஊஞ்சல் பக்கம்தான் இருப்போம்.