மார்கழியில் மரம் பார்க்கப் போவோம்
(பண்ணை வானொலியில் திருவாமாத்தூர் வட்டார விவசாயிகளுக்காக வேளாண்மை விரிவாக்க அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



மார்கழிப் பட்டத்து மல்லாட்டை விதைச்சாச்சு. சம்பாவில் கதிர் முற்றிக்கொண்டிருக்கிறது. அறுவடைக்கு ஆள் தேடி அலைவதற்கு இன்னும் சில நாள் இருக்கிறது. இந்த இடைவேளையில் ஒரே ஒரு காலைப் பொழுதை ஒதுக்குங்கள் என்று கேட்கத்தான் வந்திருக்கிறேன். உரம் போடச் சொல்லப் போவதில்லை, மருந்தடிக்கவும் சொல்லப் போவதில்லை. பத்துப் பேராகச் சேர்ந்து நம்ம ஊர் ஏரிக்கரை, ஓடை, கோயில் காடு ஆகியவற்றைச் சுற்றி நடந்து, அங்கே என்ன மரம், என்ன செடி இருக்கிறது என்று பார்த்துவிட்டு வரலாம் என்கிறேன்.

"இதென்னங்க வேலையத்த வேலை? நாங்க பார்க்காத செடியா?" என்று உங்களில் சிலர் சொல்வது என் காதில் விழுகிறது. சென்னையில் நிழல் என்ற அமைப்பினர் தெருவிலும் பூங்காவிலும் ஆட்களைக் கூட்டிப்போய், மரங்களின் பெயரைச் சொல்லிக் காட்டுகிறார்கள். பட்டணத்துக்காரர்களுக்கு அது ஒரு நல்ல பொழுதுபோக்கு. நமக்கோ, மரத்தின் பெயர் மறந்துபோனால் கைப்பொருள் நஷ்டம். எப்படி என்று சொல்கிறேன்.

ஏரியில் வேலிகாத்தானை, அதாவது சீமைக் கருவேலத்தை, அப்புறப்படுத்த இயந்திரம் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டுகிறவர் வெளியூர்க்காரர். முள்ளு இருந்தால் அவருக்கு எல்லாம் ஒன்றுதான். அதோடு சேர்ந்து நம் வன்னியும் போகும், கருவேலமும் போகும், வெள்வேலமும் போகும். கூட நின்று "இதை விடுப்பா" என்று சொல்ல, அடையாளம் தெரிந்த ஆள் ஒருவராவது ஊரில் வேண்டும்.

அடையாளம் கஷ்டமில்லை. வேலிகாத்தானில் இலை கிளம்பும் கணுவில், பெரும்பாலும் இரண்டிரண்டாக நீண்ட முள் இருக்கும். வன்னியில் முள் குட்டையாக, அடி பருத்து, கணுவுக்கும் கணுவுக்கும் நடுவில் குச்சி நெடுகச் சிதறிக் கிடக்கும். வேலிகாத்தான் காய் சற்றுத் தட்டையாக, சதைப்பற்றோடு மஞ்சளாகப் பழுக்கும். ஆடு மாடு அதைத் தின்று சாணத்தில் விதையைப் போட்டுத்தான் அது ஊரெல்லாம் பரவியது. வன்னிக்காய் மெலிந்து, உருண்டு, நீளமாகத் தொங்கும். நம் நாட்டுக் கருவேலத்துக்குக் காய் மணிமாலை மாதிரி. பூ மஞ்சள் உருண்டை. வெள்வேலத்தைப் பட்டையின் வெளுப்பை வைத்தே சொல்லிவிடலாம்.

திருவாமாத்தூர்க்காரர்களுக்கு வன்னியை நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. பம்பை ஆற்றங்கரையில் இருக்கும் அபிராமேசுவரர் கோயிலுக்கு வன்னிதானே தல மரம்! கொன்றையையும் சொல்வார்கள். பசுக்கள் பூசை செய்து கொம்பு பெற்ற தலம் என்பது ஐதீகம். மாட்டுக்குப் பேர்போன அந்த ஊருக்கு வாய்த்த மரமும் மாட்டுக்குத் தீவனமாகும் மரம் என்பதை நினைத்துப் பாருங்கள். ராஜஸ்தானில் வன்னி மாநில மரம். அங்கே நிலத்துக்கு நடுவிலேயே வன்னியை விட்டு, அதன் அடியில் கம்பு விதைக்கிறார்கள். தழையைக் கழித்து ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் போடுகிறார்கள். 1730-ல் அங்கே கேஜட்லி என்ற கிராமத்தில், அரசன் ஆட்கள் வன்னியை வெட்ட வந்தபோது அம்ரிதா தேவி என்ற பெண்மணி மரத்தைக் கட்டிக்கொண்டு உயிரை விட்டார். அவரோடு சேர்த்து 363 பேர் மாண்டதாகச் சொல்வார்கள்.

இதற்காக வேலிகாத்தானை ஒரே நாளில் ஒழித்துவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அதை விறகாக்கி, கரியாக்கிப் பிழைக்கும் குடும்பங்கள் உண்டு. ஆனால் எடுப்பதானால் வேரோடு எடுக்க வேண்டும். தரையோடு வெட்டினால் மறுபடியும் புதராகத் துளிர்க்கும். எடுத்த இடத்தில் உடனே வேறொன்றை நடவும் வேண்டும்.

எதை நடுவது? அதைத் தெரிந்துகொள்ளத்தான் இந்த நடை. பழைய வேலிகளைப் பாருங்கள். கிளுவை, நொச்சி, சங்கஞ்செடி, களா என்று கலந்து கிடக்கும். கிளுவையும் நொச்சியும் போத்து வெட்டி ஊன்றினாலே பிழைத்துக்கொள்ளும். கிளுவைத் தழை ஆட்டுக்கு ஆகும். நொச்சித் தழையை நெல் குதிரில் போட்டு வைப்பது உங்கள் பாட்டி செய்த வேலை; பூச்சிக் கரைசலுக்கும் அது வேண்டியிருக்கிறது. கம்பி வேலிக்கு ஆன செலவைக் கணக்குப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் பேசுங்கள்!

மார்கழி, தை ஏன் என்றால், ஐப்பசி கார்த்திகை மழை குடித்த பூமியில் இப்போதுதான் எல்லாம் பூத்து நிற்கும். வரப்பில் தும்பை, கரிசலாங்கண்ணி. ஏரி ஓரத்தில் நீர்முள்ளி. மேட்டில் ஆவாரை, நீலப் பூவோடு விஷ்ணுகிரந்தி. பொங்கலுக்குச் செருகும் சிறுபீளை. சித்திரையில் போனால் இவற்றில் பாதி காய்ந்து கருகியிருக்கும். புதரில் ஏறிய செங்காந்தளும் கடைசிப் பூவோடு தென்படலாம். அதன் கிழங்கு கடும் விஷம். குன்றிமணியும் அப்படியே. கூட வரும் பிள்ளைகள் எதையும் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, பனிக்காலத்தில் கண்ணாடி விரியன் நடமாட்டம் உண்டு. வெயில் ஏறிய பிறகு கிளம்புங்கள். காலில் செருப்பு, கையில் கழி. புதருக்குள் கையை விடாதீர்கள். தப்பித்தவறிக் கடித்துவிட்டால் கீறுவது, கட்டுவது, மந்திரிப்பது எதுவும் வேண்டாம். 108-ஐக் கூப்பிட்டு நேரே அரசு மருத்துவமனைக்கு.

ஒரு நாள் கூடுதலாகக் கிடைத்தால் வண்டி பிடித்து, மரக்காணம் பக்கத்துக் கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயில் காட்டுக்குப் போய் வாருங்கள். சாமிக்குப் பயந்து வெட்டாமல் விட்ட காடு. இந்தக் கடலோரத்துக்கே உரிய காட்டின் மிச்சம் அது. காயா, வீரை, பாலை, காட்டெலுமிச்சை இவையெல்லாம் இந்த வகைக் காட்டு மரங்கள். இலை சின்னது, தடிப்பானது. கோடையிலும் பச்சை மாறாது. கடல் தாண்டி யாழ்ப்பாணம், வன்னிப் பக்கத்திலும் இதே பாலையும் வீரையும் நிற்கின்றன. ஆரோவில்லில் 1968-ல் செம்மண் அரித்துப்போன பொட்டல்தான் இருந்தது. வரப்புப் போட்டு மழைநீரைத் தேக்கி, இந்த மாதிரிக் கோயில் காடுகளில் விதை பொறுக்கிக் கன்று வளர்த்துத்தான் அங்கே காடு உண்டாக்கினார்கள். 1973-ல் தொடங்கிய பிச்சாண்டிக்குளம் காட்டில் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப்போய்க் காட்டுகிறார்கள். அதே பயணத்தில் கழுவேலியையும் பாருங்கள். 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட ஏரி அது. செஞ்சிப் பக்கத்துக் காப்புக் காட்டுக்குள் போவதானால் மட்டும் வனத்துறையில் முன்கூட்டி அனுமதி வாங்க வேண்டும்.

நம் ஊர் நடைக்கு வழிகாட்டி யார்? நான் இல்லை. பட்டப்படிப்பில் எனக்குச் செடிகளின் லத்தீன் பெயர் சொல்லிக்கொடுத்தார்கள். ஆடு எதைக் கடிக்கும், எதை மோந்து பார்த்துவிட்டுப் போகும் என்பதை யாரும் சொல்லித் தரவில்லை. அது ஆடு மேய்க்கிற பெரியவருக்குத் தெரியும். கீரை பறிக்கிற அம்மாவுக்குத் தெரியும். அவர்களை முன்னால் நடக்கவிட்டு, பள்ளிக்கூடப் பிள்ளை ஒருவன் நோட்டில் எழுதிக்கொண்டே வரட்டும். ஊர்ப் பேர் என்ன, எங்கே நிற்கிறது, எதற்கு ஆகும். இந்த மூன்றும் போதும். நல்ல வன்னி கண்ணில் பட்டால் இடத்தைக் குறித்து வையுங்கள். கோடையில் நெற்று முற்றும்போது போய் விதை எடுத்து, ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்துப் பையில் ஊன்றினால் மழைக்கு முன் கன்று தயார்.

பேர் தெரியாத செடி இருந்தால் பிடுங்க வேண்டாம். பூவோடு ஒரு சிறு கொப்பை மட்டும் செய்தித்தாளில் மடித்து, உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்குக் கொண்டுவாருங்கள். நோட்டையும் மறக்காமல் எடுத்து வாருங்கள்.