நனைந்த கல்லின் நிறம்

சாரல் காலத்தில் குற்றாலம் பேரருவிப் பாறையைக் கவனித்திருப்பீர்கள். தண்ணீர் ஓடும் இடம் கருகருவென்றிருக்கும்; சற்றுத் தள்ளிக் காய்ந்த இடம் சாம்பல் பூத்துக் கிடக்கும். இரண்டும் ஒரே பாறைதான்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் இந்தத் தென்பகுதியில் சார்னோகைட் இனப் பாறைகள் நிறைய உண்டு. சென்னைப் பல்லாவரத்துக் கல் ஒன்று கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக்குப் போனது. அவர் பெயரையே 1893இல் நிலவியலாளர் தாமஸ் ஹாலந்து இந்தப் பாறைக்குச் சூட்டினார். புதிதாக உடைத்தால் பச்சை கலந்த கருமையில், எண்ணெய் தடவியதுபோல் மினுங்கும். அந்த நிறம் காய்ந்த பாறையில் ஏன் தெரிவதில்லை?

காய்ந்த கல்லின் மேல்பரப்பு முழுக்க நுண்ணிய மேடுபள்ளம். விழும் வெளிச்சத்தில் ஒரு பங்கு கல்லுக்குள் போகாமலே நாலாபக்கமும் சிதறுகிறது. அந்த வெள்ளொளி கலந்துதான் கல்லின் சொந்த நிறம் வெளிறுகிறது. காற்றிலிருந்து குவார்ட்ஸ் மீது நேராக விழும் ஒளியில் நூற்றுக்கு நாலைந்து பங்கு திரும்பிவிடும். தண்ணீர் வழியாக விழுந்தால், கல்லில் பட்டுத் திரும்புவது நூற்றுக்கு ஏறக்குறைய அரைப் பங்குதான். தண்ணீரின் மேல்பரப்பும் சிறிது ஒளியைத் திருப்பும். ஆனால் அது வழவழப்பானது, ஒரே பக்கமாகத் திருப்பும். தலையைக் கொஞ்சம் சாய்த்தால் அந்தப் பளபளப்பு விலகிவிடும். உள்ளே போய்வந்த நிறம் கண்ணுக்குக் கிடைக்கும்.

நல்லெண்ணெய் இதில் தண்ணீரையும் மிஞ்சும். ஒளியை வளைப்பதில் அது கல்லுக்கு இன்னும் நெருக்கம், உலர்ந்தும் போகாது. எண்ணெய்க்காப்பு சாத்திய மூலவர் கருத்துத் துலங்குவது இதனால்தான்.

மெருகு இதையே நிலையாகச் செய்கிறது. முதலில் பரும்பொடி, பிறகு மென்பொடி என்று மாற்றி மாற்றித் தேய்க்கிறார்கள். ஒவ்வொரு பொடியும் முந்தையது விட்ட கீறலை அழிக்கும். கடைசியில் ஒளியைச் சிதறடிக்க மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. வெளியிலிருந்து எந்தச் சாயமும் ஏற்றவில்லை.

வீட்டுக்குக் கல் வாங்கப் போகிறீர்களா? மெருகிடாத பலகையில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்; மெருகிட்டால் வரும் நிறம் ஏறக்குறைய அதுதான். வாசலில் சொரசொரப்பாகவே பதிக்க நினைத்தால், அது காயும்வரை காத்திருந்து பார்த்து விலை பேசுங்கள். வெயில் நாளெல்லாம் உங்களுக்குக் கிடைக்கப்போவது அந்த நிறம்தான்.