யார் பேரைச் சொல்வது?

(மல்லாங்கிணற்றில் இளைஞர்களிடம் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கூட்டத்துக்கு முன்னால் டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் மூன்று கல்லூரித் தம்பிகள் ஒரே வாக்குவாதம். லெட் செப்பலின் பெரிய பேண்டா, பிளாக் சப்பாத் பெரிய பேண்டா? ஒரு தம்பி சப்பாத்துக்காக வரிந்துகட்டினார். அதன் கிதார் கலைஞர் டோனி அயோமி பர்மிங்காமில் தகடு வெட்டும் ஆலையில் வேலை பார்த்தவர். 17 வயதில் இயந்திரம் இரண்டு விரல்நுனிகளைத் தின்றுவிட்டது. பிளாஸ்டிக்கை உருக்கி உறை செய்து, விரலில் மாட்டிக்கொண்டு வாசித்தார். "அந்த விரல்லதான் அண்ணே ஹெவி மெட்டலே பொறந்துச்சு" என்றார் தம்பி.

அவருடைய அம்மா பட்டாசு ஆலைக்குப் போகிறவர். விரல் போவது என்றால் என்னவென்று இந்த வட்டாரத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பர்மிங்காம் தொழிலாளியின் விரல் உலகத்துக்கே தெரிகிறது. இங்கே போன விரல் 'ஒருவர் காயம்' என்ற வரியோடு முடிந்துவிடுகிறது.

சரி, செப்பலினுக்கு வருவோம். 1969இல் அவர்களைத் தூக்கிவிட்ட பாடல்களில் ஒன்று 'ஹோல் லாட்டா லவ்'. அது தன் பாட்டிலிருந்து எடுத்தது என்று வில்லி டிக்சன் என்ற கறுப்பினக் கலைஞர் 1985இல் வழக்குப் போட்டார். 1987இல் சமரசம் ஆனது. பிறகுதான் அவர் பெயரும் பாட்டோடு சேர்ந்தது. டிக்சனின் அந்தப் பாட்டை 1962இல் பாடியவர் மடி வாட்டர்ஸ். மிசிசிப்பியில் பண்ணை வேலை பார்த்துவிட்டு சிகாகோவுக்குப் பிழைக்கப் போனவர். ரோலிங் ஸ்டோன்ஸ் பேண்ட் தன் பெயரை எடுத்ததே அவர் பாட்டிலிருந்துதான். 1967இல் தொடங்கிய ரோலிங் ஸ்டோன் பத்திரிகையும் முதல் இதழிலேயே தன் பெயருக்கு அவர் பாட்டைக் குறிப்பிட்டது.

அந்தப் பத்திரிகையின் இந்தியப் பதிப்பு 2021 ஆகஸ்டில் என்ன செய்தது? 'எஞ்சாயி எஞ்சாமி', 'நீயே ஒளி' பாடல்களைப் பெருமையாகச் சொல்லி அட்டைப்படம் போட்டது. இரண்டிலும் எழுத்து அறிவுடையது. அட்டையில் அறிவு இல்லை. இயக்குநர் பா. இரஞ்சித் உட்படப் பலர் கேள்வி கேட்ட பிறகு அறிவுக்குத் தனி அட்டை வந்தது. தன் பெயருக்குப் பண்ணையாளின் பாட்டைக் குறிப்பிட்ட பத்திரிகை, தேயிலைத் தோட்டத்தில் உழைத்த வள்ளியம்மாள் பாட்டியின் பேரனை விட்டுவிட்டது. வேண்டுமென்றே செய்தார்களா என்று நான் கேட்கவில்லை. மறப்பதற்கு எப்போதும் நம்மைத்தான் வாகாகக் கிடைக்கிறது, அதைத்தான் கேட்கிறேன்.

வெளியூரை மட்டும் சொல்லி என்ன? நம் பக்கத்துத் திருவிழா நோட்டீஸை எடுத்துப் பாருங்கள். மண்டகப்படிக்காரர் பெயர், அப்பா பெயர், பட்டம், கடை, எல்லாம் இருக்கும். பறையடிப்பவருக்கு 'மேளம்: உள்ளூர் செட்'. அவ்வளவுதான். என் சித்தப்பா அந்த செட்டில் அடித்தவர். ஒருநாள் பறையைப் பரணில் போட்டார். மகனைத் தொடவே விடவில்லை. "இது கலைன்னு இப்ப சொல்றீங்க. எனக்கு அது கூப்பிட்டா போகணும்கிற வேலை" என்றார்.

பறையை மேடையேற்றும் நாம் இந்தச் சொல்லைத் தாண்டிப் போய்விடக் கூடாது. சாதி சுமத்திய வேலையை மறுப்பது மரபைக் கைவிடுவது ஆகாது. மறுக்கும் உரிமை இருந்தால்தான் விரும்பி எடுப்பதற்கும் அர்த்தம் உண்டு. 2018 ஜனவரியில் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடையேறியபோது கானாவும் பறையும் ராக்கும் ஒன்றாக ஒலித்தன. சாதியற்ற தமிழர் என்று பண்டிதர் அயோத்திதாசர் சொன்னதைப் பெயராக வைத்துக்கொண்டு, தங்கள் விருப்பத்தில், தங்கள் பெயரில் பாடினார்கள். சித்தப்பாவுக்குக் கிடைக்காதது அதுதான்.

தம்பிகளே, சண்டையை நிறுத்த வேண்டாம். எந்த பேண்ட் பெரியது என்று விடியவிடியப் பேசுங்கள். கூடவே அந்தத் தாளம் யாரிடமிருந்து வந்தது, அவருக்கு என்ன கொடுத்தார்கள் என்றும் கேளுங்கள். அடுத்த திருவிழாவுக்கு நோட்டீஸ் அச்சுக்குப் போகும் முன் விழாக் குழுவிடம் போய் நில்லுங்கள். அடிப்பவரின் சம்மதம், கூலி, முழுப் பெயர், இந்த மூன்றையும் கேளுங்கள். தர மாட்டோம் என்றால், பறை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

ஜெய்பீம்.