மகாளய விடியலும் வானொலியும்

புரட்டாதி மாதத்து அமாவாசையை நாம் மகாளய அமாவாசை என்கிறோம். பிதிரர்க்கு எள்ளும் நீரும் இறைத்துவிட்டு, மறுநாள் நவராத்திரிக்குக் கும்பம் வைக்க ஆயத்தமாகும் நாள் அது. நம்மவர் இல்லங்களிலே அன்றைய விடியற்காலத்துக்குத் தனிச் சிறப்பு ஒன்றும் இல்லை. ஆனால், வங்காளத்திலே அப்படியன்று. கல்கத்தா நகரில் அன்று அதிகாலை 4 மணிக்கு முன்பே வீடுகளில் விளக்கு எரியத் தொடங்கிவிடும். நித்திரை தெளியாத பிள்ளைகளையும் தட்டி எழுப்பிவிடுவார்கள். கங்கையிலே தர்ப்பணஞ் செய்யப் போகிறவர்கள் போவதற்கு இன்னும் நேரம் இருக்கிறது. அதற்கு முன்னே செய்யவேண்டிய காரியம் ஒன்று உண்டு. அது வானொலிப் பெட்டியைத் திருப்பிவைப்பது.

முதலிலே சங்கொலி கேட்கும். அதன்பின் ஆடவர் ஒருவரின் குரல், பேச்சுமல்லாமல் பாட்டுமல்லாமல் ஒரு நடுநிலையில் எழும். ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் அந்தக் குரலும், அதனிடையே பாட்டுக்களும், வடமொழித் துதிகளும் மாறி மாறி வரும். கல்கத்தாவிலே அந்தப் பருவத்தில் ஐந்தரை மணியளவில் சூரியன் உதிக்கும். ஆகவே இருளிலே தொடங்கிய நிகழ்ச்சி வெளிச்சத்திலே முடிகிறது. இந்த நிகழ்ச்சியின் பெயர் ‘மகிஷாசுரமர்த்தினி’. 1930-களின் தொடக்கத்திலே பிறந்து, இன்றுவரை ஆண்டுதோறும் ஒலித்துவரும் இதனைப் பற்றியே நேயர்களோடு சிறிது பேச விரும்புகின்றேன். பண்டிகைக் காலங்களுக்கெனச் சிறப்பு இசையும் சித்திரமும் தயாரிப்பது உலகிலுள்ள பொது வானொலி நிலையங்கள் எல்லாவற்றுக்கும் வழக்கமான வேலை. அவற்றுள் பெரும்பாலானவை ஒரு முறை காற்றிலே கலந்து மறைகின்றன. இது ஒன்று ஏன் மறையவில்லை என்பது ஆராயத்தக்கது.

கல்கத்தா வானொலி நிலையம் 1927ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 26ஆம் தேதி தொடங்கியது. அதனை நடத்திய தனியார் கம்பெனி மூன்று ஆண்டுகளுக்குள் நொடித்துப்போகவே, 1930இல் அரசாங்கம் அதனை ஏற்றுக்கொண்டது. அகில இந்திய வானொலி என்ற பெயர் 1936இலேதான் வந்தது. கார்ஸ்டின் பிளேஸ் என்னும் தெருவிலே முதலாம் இலக்கக் கட்டிடத்தில் நிலையம் இருந்த அந்தக் காலத்தில், அங்கே இளைஞர் சிலர் கூடியிருந்தனர். வாணீகுமார் என்ற புனைபெயர் கொண்ட வைத்தியநாத பட்டாசாரியார் எழுத்தாளர். பங்கஜ குமார் மல்லிக் பாடகரும் இசையமைப்பாளரும் ஆவார். வானொலி வழியாகவே வங்காள மக்களுக்கு நெடுங்காலம் இசை கற்பித்த ஆசிரியரும் அவரே. மூன்றாமவர் வீரேந்திர கிருஷ்ண பத்ரர். நாடகக்காரர், வாசகர், அறிவிப்பாளர் எனப் பல தொழிலும் செய்தவர். மல்லிக்கும் பத்ரரும் 1905ஆம் ஆண்டிலே பிறந்தவர்கள். நிகழ்ச்சி உருவானபோது அவர்களுக்கு முப்பது வயதுகூட நிறையவில்லை. இன்று நரைத்த தலையர்களின் சொத்தாகக் கருதப்படும் ஒரு பழமை, அன்று இளைஞர்களின் துணிச்சலாக இருந்தது என்பதை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நிகழ்ச்சியின் பொருள் புதியதன்று. மார்க்கண்டேய புராணத்திலே அடங்கிய தேவிமாகாத்மியம் 13 அத்தியாயங்களும் 700 மந்திரங்களும் கொண்டது. சண்டி என்றும் அதனை அழைப்பர். எருமைத் தலை அசுரனால் துரத்தப்பட்ட தேவர்களின் சினம் ஒளியாய்த் திரண்டு தேவியாவதும், ஒவ்வொரு தேவரும் தத்தம் ஆயுதத்தை அவளுக்கு அளிப்பதும், போரும், வெற்றியும் அதிலே வருகின்றன. இவற்றிலிருந்து வேண்டியவற்றைத் தேர்ந்து, வங்காள மொழியில் உரைநடை இணைப்பு எழுதி, பாட்டுக்களைக் கோத்து ஒரே மாலையாக்கினார் வாணீகுமார். வங்காளத்தில் இதனைக் ‘கீதி ஆலேக்கியம்’ என்பார்கள். ஆலேக்கியம் என்றால் சித்திரம். நாம் வானொலியிலே இசைச் சித்திரம், விவரணச் சித்திரம் என்று சொல்லுகிறோமே, அதே கருத்துத்தான். ஒரு குரல் விவரிக்கிறது, பாட்டும் வாத்தியமும் காட்டுகின்றன, கேட்பவர் மனம் காண்கிறது. ஊர் ஒன்றைப் பற்றியோ தொழில் ஒன்றைப் பற்றியோ விவரணம் செய்வதற்கு எந்த முறை உதவுகிறதோ, அதே முறையைப் புராணத்துக்கு உபயோகித்தார்கள். கோயிலிலே புரோகிதர் ஓதுவதை ஒலிவாங்கி வைத்து அஞ்சல் செய்திருந்தால் அது பூசையின் நிழலாக முடிந்திருக்கும். வானொலிக்கென்றே ஒன்றை ஆக்கினமையால்தான் அது நிலைத்தது என்பது என் கருத்து.

தொடக்கத்திலே தேதி நிலையாக இருக்கவில்லை. துர்க்கா பூசையின் சஷ்டி நாட் காலையிலும் ஒலிபரப்பப்பட்டதுண்டு. பின்னரே மகாளய அமாவாசை என்று உறுதியாயிற்று. எதிர்ப்பும் இல்லாமற் போகவில்லை. பத்ரர் காயஸ்தர் குலத்தவர். பிராமணரல்லாத ஒருவர் சண்டி ஓதுவதா, அதை நாடெங்கும் கேட்பதா என்று வைதிகர் சிலர் முறையிட்டனர். வாத்தியக்காரரிலோ முஸ்லிம்களும் இருந்தனர். வாணீகுமார் விட்டுக்கொடுக்கவில்லை. பத்ரரே ஓதுவார் என்று நின்றார். இத்தனைக்கும், வானொலிப் பெட்டிக்கு முன்னே அமர்ந்திருப்பவனுக்கு ஓதுபவரின் பூணூல் தெரிவதில்லை, குரல்தான் கேட்கிறது. வெகுவிரைவிலே அந்தக் குரலே தீர்ப்பளித்துவிட்டது.

அந்தக் குரலைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். ஒத்திகை ஒன்றிலே பத்ரர் விளையாட்டாக வசனத்தை இராகம் இழுத்து ஓத, அதுவே நன்றாயிருக்கிறது, அப்படியே செய்யும் என்று வாணீகுமார் சொன்னதாக ஒரு கதை உண்டு. தொடக்கத்தில் செய்தி அறிவிப்பதுபோல அமைதியாக வரும் குரல், சிறிது சிறிதாக உயர்ந்து, தேவியை அழைக்குமிடத்திலே தழுதழுத்து உடைகிறது. நானும் இதனை ஒலிப்பதிவிலே கேட்டிருக்கிறேன். வங்காள மொழி எனக்கு விளங்காது. ஆயினும் எந்த இடத்தில் அந்த மனிதர் அழுகிறார் என்பது விளங்கிற்று. 1941ஆம் ஆண்டு ஆகஸ்டு 7ஆம் தேதி மகாகவி தாகூரின் இறுதி ஊர்வலத்தை வங்காள மக்களுக்கு வானொலியிலே விவரித்தவரும் இதே பத்ரர் என்பதை இங்கே சேர்த்துச் சொல்லலாம்.

மூன்று தசாப்தங்களுக்கு மேலாக இந்த நிகழ்ச்சி நேரடியாகவே நடந்தது. கலைஞர் அனைவரும் நள்ளிரவுக்குப் பின் நிலையத்திலே கூடுவர். பத்ரர் நீராடி, வேட்டி தரித்து வந்து அமர்வார் என்பர். ஒத்திகையில் மல்லிக் கடுமையானவர். எவ்வளவு பெரிய பாடகராயினும் ஒத்திகைக்கு வராதவருக்கு இடமில்லை. பம்பாயிலே திரைப்பட வேலைகளில் மூழ்கியிருந்த ஹேமந்த முகர்ஜி ஓர் ஆண்டு ஒத்திகைக்கு வர இயலாது போகவே, அவர் பாடவேண்டிய பாட்டுத் துவிஜேன் முகோபாத்தியாயருக்குப் போய்ச் சேர்ந்தது என்று சொல்லுவர். இன்று ஒலிப்பதிவிலே நாம் கேட்பது துவிஜேனின் குரலைத்தான். 1960-களில் நேரடி ஒலிபரப்பு நின்று, பதிவு செய்த நாடாவே ஒலிக்கத் தொடங்கிற்று. கலைஞர்கள் வயதாகிக்கொண்டு வர, பதிவிலே இருந்த குரல்கள் மட்டும் வயதாகாமல் இருந்தன. இது ஒரு நன்மைதான். அதேவேளையில், ஒரு நிகழ்ச்சி நாடாவிலே உறைந்துவிட்டால் அதனை மாற்றிவிடலாமே என்ற எண்ணமும் அதிகாரிகளுக்கு எளிதாக வந்துவிடுகிறது.

அந்த எண்ணம் 1976இல் வந்தது. இந்தியாவிலே நெருக்கடி நிலை நடைமுறையிலிருந்த காலம். நாற்பதாண்டுப் பழமை போதும், புதிதாக ஒன்று வேண்டும் என்று தீர்மானித்தார்கள். புதிய நிகழ்ச்சிக்குத் ‘தேவீம் துர்க்கதிஹாரிணீம்’ என்று பெயரிட்டார்கள். பத்ரரை ஒதுக்கிவிட்டு, வங்காளத் திரைவானின் தனிப்பெரும் நட்சத்திரமாகிய உத்தம் குமாரை வசனம் ஓத அழைத்தார்கள். இசையமைக்க ஹேமந்த முகர்ஜி, பாடுவதற்கு லதா மங்கேஷ்கர், ஆஷா போன்ஸ்லே முதலானோர். முன்பு ஒத்திகைக்கு வர முடியாமல் பாட்டை இழந்த அதே ஹேமந்தர்தாம் இப்போது முழு நிகழ்ச்சிக்கும் இசை அமைத்தார் என்பதைக் கவனியுங்கள். திறமைக்குக் குறைவில்லை. இந்தியா முழுவதிலும் தேடினாலும் இதைவிடப் புகழ்பெற்ற கூட்டம் ஒன்றைச் சேர்க்க முடியாது.

அன்று விடியற்காலம் வங்காள மக்கள் வழக்கம்போல எழுந்து வானொலியைத் திருப்பினார்கள். தாங்கள் எதிர்பார்த்த குரல் வரவில்லை. பின்பு நடந்தது வானொலி வரலாற்றிலே அபூர்வமானது. தொலைபேசி அழைப்புகள் குவிந்தன. கண்டனக் கடிதங்கள் வந்தன. நிலைய வாசலிலே கூட்டம் கூடிற்று. பொதுமக்கள் வாய்திறக்க அஞ்சிய காலம் அது என்பதை மறக்கவேண்டாம். அரசியலுக்காகக் கூடத் தயங்கிய கூட்டம், ஒரு மனிதரின் குரலுக்காகக் கூடிற்று. நிலையத்தார் பணிந்தனர். அவ்வாண்டே சஷ்டியன்று பழைய ‘மகிஷாசுரமர்த்தினி’யை மறுபடியும் ஒலிபரப்பினர். அடுத்த ஆண்டு முதல் மகாளய விடியல் பழையபடி பத்ரருக்கே உரியதாயிற்று. 2019இல் இந்தச் சம்பவத்தை வைத்து ‘மகாளயா’ என்றொரு வங்காளத் திரைப்படமும் வெளிவந்தது.

உத்தம் குமார் மோசமாக ஓதினாரா? அப்படியென்று சொல்ல எனக்குத் துணிவில்லை. அவர் மிகச் சிறந்த நடிகர். குறை அவரிடத்தில் இல்லை. வானொலி நிலையம் அதுவரை தன்னுடையதென்று நினைத்திருந்த நிகழ்ச்சி, நேயர்களுடையதாக மாறிவிட்டிருந்தது. அந்த மாற்றம் நிலையத்தாருக்குத் தெரியாமலே நடந்துவிட்டது. பாட்டனார் எழுப்பிவிட்டுக் கேட்ட பேரன், தானும் பாட்டனாரான பின்பு தன் பேரனை எழுப்பிக் கேட்பிக்கிறான். அந்த இடத்தில் வேறொரு குரல், அது எத்துணை இனிமையானதாயினும், அயலவர் ஒருவர் நம்முடைய வீட்டுச் சுவாமியறையிலே புகுந்ததுபோல இருக்கும். நிலையங்களிலே பணிபுரிவோர்க்கு இதில் ஒரு சங்கடம் உண்டு. ஆண்டுதோறும் அதே நாடாவைப் போட்டால் சோம்பேறி என்பார்கள். மாற்றினால் பாவி என்பார்கள். எந்த நிகழ்ச்சி முதலாம் வகை, எந்த நிகழ்ச்சி இரண்டாம் வகை என்று பிரித்தறிவதற்குக் கருவி ஒன்றும் இல்லை. கேட்பவர்களோடு பேசிப் பார்ப்பது ஒன்றே வழி. 1976இல் அந்த வழியை எவரும் நாடியதாகத் தெரியவில்லை.

இன்னொரு விநோதத்தையும் சொல்லவேண்டும். வங்காளத்திலே இன்று பலர் ‘மகாளயா’ என்று சொல்லும்போது அமாவாசையைக் குறிப்பதில்லை; இந்த நிகழ்ச்சியையே குறிக்கிறார்கள். ‘மகாளயா கேட்டாயா?’ என்று ஒருவரையொருவர் வினவுவார்கள். பிதிரர்க்குரிய நாளிலே ஒருவருக்கொருவர் நல்வாழ்த்துக் கூறலாமா என்று பெரியோர் சிலர் குறைபட்டுக்கொள்வதும் உண்டு. ஆனால், நாளின் பெயரையே நிகழ்ச்சி எடுத்துக்கொண்ட பிறகு வாதத்தால் என்ன செய்வது? அன்றுதான் குயவர்கள் துர்க்கையின் மண்ணுருவத்துக்குக் கண் எழுதுவது வழக்கம். முற்றத்திலே பவளமல்லிகை உதிர்ந்து கிடக்கும். ஆற்றங்கரையிலே நாணல் வெண்மையாய்ப் பூத்திருக்கும். இவற்றோடு பத்ரரின் குரலும் சரற்காலத்தின் அடையாளங்களில் ஒன்றாகிவிட்டது. 2020ஆம் ஆண்டிலே அதிகமாதம் குறுக்கிட்டமையால் மகாளயம் செப்டெம்பர் 17இலும், சஷ்டி ஒக்டோபர் 22இலும் வந்தன. ஆறு நாளில் வரவேண்டிய பூசைக்கு 35 நாள் காத்திருந்தார்கள். அதுவும் தொற்றுநோய்க் காலம். ஆயினும் குரல் மட்டும் அமாவாசை விடியலிலேயே ஒலித்தது. அடுத்த ஆண்டு டிசம்பரில் கல்கத்தாவின் துர்க்கா பூசை யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலிலே இடம்பெற்றது.

நம் வீடுகளிலும் பாடசாலைகளிலும் நவராத்திரிக்குச் சகலகலாவல்லிமாலை பாடுகிறோம். அதை யாரும் பழையதென்று மாற்றச் சொல்வதில்லை. ஒன்பது இரவும் வானொலியில் விசேட நிகழ்ச்சிகள் கேட்கிறோம். கேட்டு, மறுவருடம் வேறொன்றை எதிர்பார்க்கிறோம். பாட்டு ஒருவகைச் செல்வமாகவும், வானொலி நிகழ்ச்சி வேறொருவகைச் செலவாகவும் நமக்குத் தோன்றுகிறது. வங்காளத்திலே இரண்டும் ஒன்றாகிவிட்டன.

பத்ரர் 1991இல் காலமானார். அவருடைய ஓதலை இன்று இசைத்தட்டிலும் ஒலிநாடாவிலும் கைத்தொலைபேசியிலும் வேண்டிய நேரத்தில் கேட்கலாம். எவரும் விடியற்காலத்தில் எழும்பவேண்டிய அவசியம் இல்லை. ஆயினும் மகாளயத்துக்குச் சில நாள் முன்பு, கல்கத்தாவிலே எஞ்சியிருக்கும் வானொலித் திருத்துநர்களின் கடைகளிலே கூட்டம் சேரும். ஆண்டு முழுவதும் அலமாரியின் மேலே தூசு படிந்து கிடந்த பெட்டியைத் துடைத்து, துணியிலே சுற்றி எடுத்து வருவார்கள். மின்கலம் மாற்றவேண்டும், கம்பி அறுந்திருக்கிறது, அமாவாசைக்கு முன்னே கிடைக்குமா என்று கேட்பார்கள். கடைக்காரர் சரி என்று வாங்கி, ஏற்கெனவே வரிசையிலிருக்கும் பெட்டிகளோடு அதனையும் வைப்பார்.