மைக்கில் சொன்ன சொல்
(சங்கத்தின் வருசப்பிறப்பு விழாவில் ஆற்றிய உரை)



நான் சட்டம் படித்தவனல்ல. ஏ.எல். எடுத்ததோடு ஊரை விட்டு வந்து, ஜேர்மனியில் இரும்புத் தொழிற்சாலையில் மாறி மாறி இரவு பகல் வேலை செய்கிறவன். எனக்கு நடந்ததைத்தான் சொல்ல வந்தேன்.

2022 இல் ஒரு சாமத்திய வீட்டிலே என்ரை மச்சான், மனைவியின் தமையன், மைக்கைப் பிடிச்சு, "அம்மாவின்ர காணி வித்த காசை விழுங்கின கள்ளன் இந்தா நிக்கிறான்" எண்டு சொன்னார். மண்டபம் நிறையச் சனம். அடுத்த கிழமை என்னோடு சீட்டுப் போட்ட மூன்று பேர் காசைத் திருப்பிக் கேட்டார்கள். மகள் வந்து, "அப்பா, நீங்கள் கள்ளனோ?" எண்டு கேட்டாள். அதுதான் தாங்க முடியவில்லை.

கையை நீட்டியிருந்தால் வழக்கு என்னில்தான் விழுந்திருக்கும்.

இந்த நாட்டுக் குற்றவியல் சட்டத்தில் 185 ஆம் பிரிவு திட்டுவதற்கு. ஒருவரின் மானத்தைக் கெடுக்கும் செய்தியைச் சொல்லி, அது உண்மையெண்டு நிரூபிக்க முடியாவிட்டால் 186. பொய்யெண்டு தெரிந்தே சொன்னால் 187. 186 இல், பொய்யெண்டு நான் நிரூபிக்கத் தேவையில்லை. எனக்கு அதுவே பெரிய ஆறுதல். ஆனால் நெருங்கிய குடும்பத்துக்குள், குசினியில் இரகசியமாகத் திட்டுவதைச் சட்டம் பொதுவாகத் தண்டிப்பதில்லை. (தண்டித்தால் எங்களில் ஆர் மிஞ்சுவது?)

தவணைதான் முக்கியம். இன்னார் இன்னதைச் சொன்னார் எண்டு அறிந்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் முறைப்பாடு கொடுக்க வேண்டும். நான் சொந்தம்தானே எண்டு பத்துக் கிழமை பொறுத்திருந்தேன். இன்னும் ஒரு மாதம் போயிருந்தால் எல்லாம் போச்சு.

அரச வழக்கறிஞர் அலுவலகம், இதில் பொதுநலன் இல்லை, தனிவழக்குப் போடலாம் எண்டு கடிதம் போட்டது. ஒரே ஊரில் இருப்பவர்கள் அதற்கு முன் இணக்கசபைக்குப் போகவேணும். எங்கள் நோர்ட்ரைன் வெஸ்ற்பாலனில் அவரை ஷீட்ஸ்மான் என்பார்கள். சம்பளமில்லாமல் செய்கிற மனிதர். வங்கித் துண்டுகளை மேசையில் வைத்தேன். மச்சான் மன்னிப்புக் கேட்கவில்லை. இனிச் சொல்லமாட்டேன், சீட்டுக்காரருக்கும் ரெலிபோனில் சொல்லுகிறேன் எண்டு கையெழுத்து வைத்தார். அந்தத் தாள் நீதிமன்றத் தீர்ப்புப் போல நிறைவேற்றக் கூடியது.

வருமானம் குறைந்தவர்கள் அம்ற்ஸ்கெறிக்ற்றில் ஆலோசனைச் சீட்டு எடுத்தால் வழக்கறிஞர் 15 யூரோதான் கேட்கலாம். அவர் மூலம், திரும்பச் சொன்னால் தண்டப்பணம் எண்டு எழுதி வாங்கவும் முடியும்.

மச்சான் இன்னும் என்னோடை கதைக்கிறதில்லை. போன வருசப்பிறப்புக்கு மகளுக்கு ஆள் மூலம் கைவிசேடம் அனுப்பியிருந்தார். அவள் வாங்கினாள்.