தாதியர் தாங்கும் சுமை

(திருவிழாவின் ஏழாம் நாள் மாலை, மருத்துவமனைப் பணியாளர் உபயத்தின்போது ஆலய மண்டபத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உபயக்காரர்களைப் பாராட்டிச் சில வார்த்தைகள் பேச வேண்டும் என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். பாராட்டுரை எனக்குப் பழகிய வேலைதான். அரசாங்க அலுவலகத்தில் இருபது ஆண்டுகளாகப் பிறர் வாசிப்பதற்கு அதை எழுதிக் கொடுத்து வருகிறேன். ஆயினும் இன்று பாராட்டைச் சுருக்கிக்கொண்டு, தாதியர் தம் பணியில் அடையும் மன உளைச்சலைப் பற்றியும், அதை அவர்கள் எவ்வாறு தாங்கிக்கொள்கிறார்கள் என்பதைப் பற்றியும் பேச விரும்புகிறேன்.

திருச்சிராப்பள்ளித் தாயுமானவர் திருக்கதையை அறியாதவர் இம்மண்டபத்தில் இருக்க மாட்டார்கள். பேறுகாலத்தை நெருங்கிய மகளுக்குத் துணையாக வரவேண்டிய தாய், காவிரி வெள்ளத்தால் அக்கரையிலேயே நின்றுவிட, இறைவனே அத்தாயின் உருவில் வந்து மருத்துவம் பார்த்தருளினார் என்பது தல வரலாறு. இக்கரையில் நிகழ்ந்த அற்புதத்தையே நாம் சொல்லிச் சொல்லி மகிழ்கிறோம். எனக்கோ அந்தக் கதையைக் கேட்கும்போதெல்லாம் அக்கரையில் நின்ற தாயின் நினைவே வருகிறது. அந்த இரவு அவள் எப்படித் தவித்திருப்பாள்! இரவுப் பணிக்குச் செல்லும் ஒவ்வொரு தாதிக்கும் அத்தகைய ஒரு வீடு அக்கரையில் இருக்கிறது. அங்கே அவளுடைய பிள்ளைக்குக் காய்ச்சல் அடிக்கும். அவளோ இங்கே அடுத்தவர் பிள்ளையின் காய்ச்சலை அளந்து குறித்துக்கொண்டிருப்பாள்.

இதை நான் ஏட்டில் படித்துச் சொல்லவில்லை. என் மூத்த சகோதரி இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக அரசாங்க மருத்துவமனையில் தாதியாகப் பணியாற்றுகிறார். நாங்கள் தோட்டத்தில் பிறந்து, தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் பயின்றவர்கள். அந்நாளில் எங்களுக்குத் தெரிந்த மருத்துவர் தோட்டத்து டிரெஸ்ஸர் ஒருவரே. அக்காள் பயிற்சிக் கல்லூரியிலிருந்து விடுமுறையில் வந்தபோது, அவருடைய வெள்ளைச் சீருடையை எங்கள் தாயார் வேண்டுமென்றே வீட்டின் முன்புறக் கொடியில் காயப் போட்டார். லயத்தில் இருந்த அனைவரும் பார்க்க வேண்டுமல்லவா!

அவர் பயிற்சி முடிக்கும் வேளையில்தான் நிபா நோய் வந்தது. 1998ஆம் ஆண்டு ஈப்போ வட்டாரத்தில் தொடங்கி, 1999இல் புக்கிட் பெலாண்டோக் வரை பரவிய அந்நோய்க்கு நம் நாட்டில் 265 பேர் ஆளாயினர். அவர்களில் 105 பேர் மாண்டனர். தொடக்கத்தில் அது ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே கருதப்பட்டது. என்ன நோய் என்று உறுதியாகத் தெரியாத நிலையிலும் நோயாளியைக் குளிப்பாட்டவும் திருப்பிப் படுக்க வைக்கவும் யாரோ ஒருவர் அறைக்குள் போகத்தானே வேண்டும்? "நீங்கள் சின்னப் பிள்ளைகள், வெளியே நில்லுங்கள்" என்று சொல்லிவிட்டு மூத்த தாதியர் உள்ளே சென்றதை அக்காள் இன்றும் சொல்வார். அதன் பிறகு 2020இல் கோவிட் வந்தபோது, பாதுகாப்பு அங்கி அணிந்து உள்ளே சென்ற மூத்தவர்களுள் அவரும் ஒருவர்.

பெருந்தொற்றுக் காலத்தில் நாம் கைதட்டினோம். உணவுப் பொட்டலம் அனுப்பினோம். அது நல்லதே. ஆனால் தாதியரை உண்மையில் தேய்ப்பது ஆண்டுதோறும் வருகிற சாதாரண நாள்கள்தாம் என்பது என் கணிப்பு. காலை ஏழு முதல் பிற்பகல் இரண்டு வரை, இரண்டு முதல் இரவு ஒன்பது வரை, ஒன்பது முதல் மறுநாள் காலை ஏழு வரை என்று பணிநேரம் சுழல்கிறது. விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கு மனித உடலின் வெப்பம் தாழ்ந்து, உறக்கம் மிகுதியாக அழுத்தும். அந்த நேரத்தில்தான் மருந்தின் அளவைக் கணக்கிட்டு, ஊசியில் ஏற்றி, சரியான நோயாளிக்குச் சரியாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அலுவலகத்தில் நான் ஒரு கடிதத்தில் பிழை செய்தால் வேறு கடிதம் எழுதிக்கொள்ளலாம்.

இப்பொழுது என்னைப் பற்றிய ஒரு செய்தியைச் சொல்லியாக வேண்டும். சொல்வதற்குத் தயக்கமாகத்தான் இருக்கிறது.

சில ஆண்டுகள் நான் ஒரு மருத்துவமனையின் நிர்வாகப் பிரிவில் பணியாற்றினேன். பொதுமக்களின் புகார்க் கடிதங்களுக்குப் பதில் தயாரிப்பது என் பொறுப்பு. ஒருநாள் ஒரு கடிதம் வந்தது. "என் தந்தையார் இறந்துகொண்டிருந்த இரவில் தாதி ஒருவர் முகப்பில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்" என்று ஒரு மகன் எழுதியிருந்தார். எழுத்தில் வலி தெரிந்தது. அத்தாதியை அழைத்து விளக்கம் கேட்டேன். வார்டில் அன்றிரவு 28 நோயாளிகள், தாதியர் மூவர். அதற்குச் சற்று முன்புதான் வேறொரு படுக்கையில் இறந்துபோன ஓர் அம்மையாரின் உடலைத் துடைத்து, துணி சுற்றி அனுப்பிவிட்டு அவர் கை கழுவி வந்திருக்கிறார். தோழி ஏதோ வேடிக்கையாகச் சொல்ல, அரை நிமிடம் சிரித்திருக்கிறார். அவ்வளவுதான். விளக்கத்தைக் கேட்டுக்கொண்டேன். ஆயினும் பதில் கடிதத்தில், "சம்பந்தப்பட்ட பணியாளருக்குத் தக்க அறிவுரை வழங்கப்பட்டது" என்றே எழுதினேன். கோப்பை மூடுவதற்கு அதுவே எளிய வழி.

அன்று மாலை வீட்டில் இதைச் சொன்னபோது அக்காள் கேட்டார்: "என்ன அறிவுரை கொடுத்தாய், தம்பி?" என்னிடம் பதில் இல்லை. சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டுப் பிறகு சொன்னார்: "அந்தப் பெண் சிரிக்காமல் இருந்திருந்தால் அழுதிருப்பாள். அழுதிருந்தால் அந்தப் பையனுடைய அப்பாவின் பக்கத்தில் போய் நின்றிருக்க முடியாது."

அத்தாதி மறு ஆண்டு ஒரு கிளினிக்கிற்கு மாற்றல் கேட்டுச் சென்றுவிட்டார். அதற்கு என் கடிதம் காரணமா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

அன்பர்களே, தாதியர் தம் உளைச்சலைத் தாங்கும் வழிகள் வெளியே நிற்பவர் கண்ணுக்குப் பெரும்பாலும் தவறாகவே தெரிகின்றன. முகப்பில் நின்று பேசுவது வம்பு என்று நமக்குத் தோன்றும். பணி மாறும்போது ஒவ்வொரு படுக்கையாக நின்று 'பாஸ் ஓவர்' சொல்லும் அந்தப் பேச்சில்தான், பொறுப்போடு சேர்த்து மனத்தில் கிடப்பதையும் அவர்கள் இறக்கி வைக்கிறார்கள். பின்னறையில் நின்றபடியே ஒரு குவளை மைலோ குடிக்கும் ஐந்து நிமிடமும் அப்படியே. இறந்தவரின் உடலைத் துடைக்கும்போது, "ஐயா, இந்தப் பக்கம் திருப்புகிறேன்" என்று உயிரோடு இருப்பவரிடம் பேசுவதுபோல் பேசும் வழக்கம் தாதியரிடையே உண்டு. அது யாருக்காக என்று அக்காளைக் கேட்டேன். "அவருக்கும்தான், எனக்கும்தான்" என்றார்.

பணி முடிந்து வீடு திரும்பியதும் அக்காள் உடனே மேலே வர மாட்டார். அடுக்குமாடியின் கீழே காரை நிறுத்திவிட்டு, பாட்டுக்கூட இல்லாமல் கால் மணி நேரம் உட்கார்ந்திருப்பார். பிள்ளைகளுக்கு அது பழகிவிட்டது; சன்னலிலிருந்து பார்ப்பார்கள், அழைக்க மாட்டார்கள். பிறகு வந்து, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, சாமி அறையில் விளக்கேற்றிவிட்டுத்தான் யாரிடமும் பேசுவார்.

நம் நாட்டுக்கே உரிய இன்னொரு வழியும் உண்டு. தீபாவளியன்று நம் தாதியரின் பணியை மலாய்த் தோழியர் ஏற்றுக்கொள்வதும், நோன்புப் பெருநாளிலும் சீனப் புத்தாண்டிலும் நம்மவர் அக்கடனைத் திருப்பிச் செலுத்துவதும் பல வார்டுகளில் நெடுநாள் வழக்கம். எந்தச் சுற்றறிக்கையும் இதற்கு இல்லை. ஒரு சிறிய குறிப்பேட்டில் பெயர் மாற்றி எழுதிக்கொள்கிறார்கள்.

தவறான தாங்குமுறைகளும் உண்டு என்பதை மறைக்கலாகாது. 1960ஆம் ஆண்டிலேயே இஸபெல் மென்சீஸ் என்ற உளவியல் அறிஞர், இலண்டன் போதனா மருத்துவமனை ஒன்றை ஆராய்ந்து எழுதினார். அங்கே நோயாளிகள் பெயரால் அன்றிப் படுக்கை எண்ணாலும் நோயின் பெயராலும் குறிப்பிடப்பட்டதை அவர் கண்டார். அது கல்நெஞ்சத்தால் வந்ததன்று, அச்சத்திலிருந்தும் துயரத்திலிருந்தும் தம்மைக் காத்துக்கொள்ள எழுப்பிய சுவர் என்று விளக்கினார். அச்சுவர் உளைச்சலைக் குறைக்கவில்லை என்பதும் அவர் கண்ட முடிவு. உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்றுக்கொண்ட நோய்ப் பட்டியலில் பணிச்சோர்வுக்கு மூன்று அடையாளங்கள் கூறப்பட்டுள்ளன: ஆற்றல் வற்றிப்போதல், பணியிலிருந்து மனம் விலகுதல், பணித்திறன் குறைதல். "இந்தத் தாதிக்கு இரக்கமே இல்லை" என்று நாம் கோபப்படும்போது, நாம் காண்பது ஒருவேளை அந்த இரண்டாவது அடையாளமாக இருக்கக்கூடும்.

இதற்கு மருந்து என்ன? மன அழுத்தத்தைக் கையாளும் பயிலரங்குகள் நடத்துகிறோம். நானே சிலவற்றை ஏற்பாடு செய்திருக்கிறேன். ஒன்றில், இரவுப் பணி முடிந்து நேராக வந்திருந்த தாதியரைக் கண்களை மூடி மூச்சை இழுத்துவிடச் சொன்னார்கள். பாதிப் பேர் உறங்கிப்போனார்கள். அன்று அவர்களுக்குக் கிடைத்த பெரும்பயன் அந்த உறக்கமே என்று நினைக்கிறேன்.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து 2002இல் லிண்டா எய்க்கன் குழுவினர் வெளியிட்ட முடிவு வேறு வழியைக் காட்டுகிறது. ஒரு தாதியின் பொறுப்பில் கூடுதலாக ஒரு நோயாளி சேரும்போது, அறுவைச் சிகிச்சை பெற்றவர்கள் முப்பது நாள்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடும், தாதி பணிச்சோர்வுக்கு ஆளாகும் வாய்ப்பு 23 விழுக்காடும் உயர்ந்திருந்தன. கலிபோர்னியா மாநிலம் 1999இல் சட்டம் இயற்றி, 2004 முதல் ஒரு தாதிக்கு இத்தனை நோயாளிகளுக்கு மேல் கூடாது என்று வரையறுத்தது. நம் நாட்டில் வார்டுத் தாதியரின் வாரப் பணிநேரத்தை 42லிருந்து 45 ஆக உயர்த்துவது பற்றி 2024இல் எழுந்த குரல்களை நாளிதழ்களில் படித்திருப்பீர்கள். அரசு ஊழியனாகிய நான் அதுகுறித்து மேடையில் கருத்துரைப்பது முறையன்று. எய்க்கன் கண்ட எண்ணிக்கையை மட்டும் மறுபடி நினைவூட்டுகிறேன்.

மேடைகளில் நாம் தாதியரை வெள்ளுடை தேவதையர் என்கிறோம். நைட்டிங்கேல் அம்மையாரின் விளக்கைப் பற்றிப் பேசுகிறோம். அவர் பிறந்த மே 12ஐத் தாதியர் தினமாகக் கொண்டாடுகிறோம். கிரிமியப் போரிலிருந்து 1856இல் நாடு திரும்பிய அவர், மறு ஆண்டு முதல் நெடுங்காலம் உடல் நலிந்து, பெரும்பாலும் அறைக்குள்ளிருந்தே பணியாற்றினார் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிடுகிறோம். தேவதை என்று சொல்லிவிட்டால் களைப்பைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. தொண்டு என்று சொல்லிவிட்டால் ஊதியத்தைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. சமயச் சொற்களை நாம் இப்படிப் பயன்படுத்துவது எனக்கு உடன்பாடில்லை.

நம்மால் ஆகக்கூடியவை சிறியவை. நோயாளியைக் காணப் பத்துப் பேர் சேர்ந்து போகாமல் இருக்கலாம். ஒரு குடும்பத்திலிருந்து ஒருவர் மட்டும் தாதியிடம் விவரம் கேட்டு மற்றவர்களுக்குச் சொல்லலாம்; ஒரே கேள்வியை ஐந்து மைத்துனர்களும் கேட்க வேண்டியதில்லை. கோபம் வந்தவுடன் கைத்தொலைபேசியைத் தூக்கிப் படம் எடுக்காமல் இருக்கலாம். இன்னொன்று: கோயிலுக்கு வரும் தாதியைப் பிரகாரத்தில் நிறுத்தி, "மிஸி, இந்த மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்பு சாப்பிடுவதா, பின்பா?" என்று கேட்காதீர்கள். அவரும் சாமி கும்பிடத்தான் வந்திருக்கிறார். இதைச் சொல்லும்போது முன்வரிசையில் சிலர் சிரிக்கிறார்கள்; கேட்டவர்கள் யார் என்று தெரிகிறது.

செயலவைக்கு ஒரு விண்ணப்பமும் உண்டு. மாலைப் பணி இரவு ஒன்பது மணிக்கு முடிகிறது. திருவிழா நாள்களில் நம் அன்னதானம் ஒன்பதுக்கெல்லாம் முடிந்து, பாத்திரம் கழுவிவிடுகிறோம். மிச்சம் மீதி என்றில்லாமல், இருபது பேருக்கான உணவைத் தனியே எடுத்து வைத்து, பத்து மணி வரை வாயிற்கதவைத் திறந்து வைத்தால், பணி முடிந்து வருபவர் ஒரு தீபாராதனையும் கண்டு, உண்டு செல்வர். சிவாச்சாரியார் அவர்களிடம் முன்கூட்டியே கேட்டுவிட்டேன், அவருக்கு மறுப்பில்லை.

மணி எட்டே கால் ஆகிறது. பின்வரிசையில் அமர்ந்திருக்கும் சகோதரியர் இருவர் ஒன்பது மணி இரவுப் பணிக்குச் செல்ல வேண்டும். அவர்களுடைய வெள்ளைக் காருக்குக் குறுக்கே யாரோ காரை நிறுத்தியிருக்கிறார்களாம். உரியவர் உடனே சென்று எடுத்துவிடுங்கள்.